டர்பன்டைன் (யூகலிப்டஸ்) கன்று வாங்கப் போகிறீர்களா? பையை வெட்டிப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்

ஒக்டோபர் மழைக்கு முன்னால் லொறியில் மரக்கன்று கொண்டுவந்து விற்கிறவர்கள் மறுபடியும் மலைக்கு ஏறத் தொடங்கிவிட்டார்கள். போன கிழமை ராகலை போகிற வழியில் ஒரு லொறியைக் கண்டேன். அதே சின்னக் கறுப்புப் பைகள், அதே இடுப்பளவு உயரக் கன்றுகள். வீட்டுக்கு வந்ததும் இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். போன வருடம் எங்கள் வீட்டுக்கு நடந்தது இன்னொரு வீட்டுக்கு நடக்கக் கூடாது.

நாங்கள் இருப்பது கந்தப்பளைப் பக்கம். அம்மா 34 வருடம் கொழுந்து பறித்தவர். அப்பா மரக்கறி செய்து சேர்த்த காசில் வாங்கிய நிலத்தில் லீக்ஸ், கரட், போஞ்சி போடுகிறோம். அதற்கு மேலே 60 பேர்ச் அளவில் சரிவான மானாப்புல் தரை சும்மா கிடந்தது. அதில் டர்பன்டைன் நட்டால் விறகுக்கும் ஆகும், போஞ்சிக்குக் கம்பும் ஆகும், ஆனி ஆடிக் காற்றுக்கு மறைப்பாகவும் இருக்கும் என்று அம்மாதான் சொன்னார். ஊற்றுப் பக்கம் நடக் கூடாது என்பதில் அவர் கண்டிப்பாக இருந்தார், அதனால் ஊற்றை விட்டு நன்றாகத் தள்ளியே குழி போட்டோம். காசும் அம்மாவுடையதுதான், ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி) காசில் மிச்சம் வைத்திருந்தது.

யாரோ கொடுத்த நம்பருக்கு எடுத்தேன். கீழே சூடான பக்கத்தில் நாற்றுத் தவறணை வைத்திருக்கிறவர். பேச்சு அவ்வளவு மரியாதை.

"அக்கா, இது கிராண்டிஸ், டர்பன்டைன்ல ஒரு வகை. நுவரெலியாக் குளிருக்குன்னே வளர்த்த கண்டு. ஜனவரியிலயும் ஒம்பது பத்து டிகிரிக்குக் கீழ போறதில்லையே, ஒண்ணும் ஆகாது."

கன்று ஒன்று 90 ரூபா, 250 கன்றுக்கு 22,500. லொறிக் கூலி 8,000 தனி. கன்றுகள் இறங்கியபோது உயரத்தைப் பார்த்து எங்களுக்குச் சந்தோஷம். இவ்வளவு வளர்ந்த கன்றை இந்த விலைக்குத் தருகிறாரே என்று நினைத்தோம். பில்லில் "மரக்கன்று 250" என்று மட்டும் எழுதியிருந்தது. என்ன வகை, எந்தத் தவறணை, எத்தனை மாதக் கன்று, ஒன்றும் இல்லை. நான் கேட்கவும் இல்லை.

ஒக்டோபர் கடைசியில் மூன்று நாள் நட்டோம். அலவாங்கு போட்டு ஒன்றரை அடிக் குழி, எட்டடி இடைவெளி, அடியில் மாட்டெரு. பையைக் கிழித்தபோது மண் ஒரு துளி உதிரவில்லை, கல்லு மாதிரிக் கட்டியாக வந்தது. அடியில் வேர் சும்மாடு மாதிரி வட்டமாகச் சுருண்டிருந்தது. "மண்ணை நல்லாப் புடிச்சிருக்கு" என்று கூலிக்கு வந்த தம்பி சொன்னார். நாங்களும் அதை நல்ல கன்றுக்கு அடையாளம் என்றுதான் எடுத்துக்கொண்டோம். இந்த இடத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

தைப்பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பு இரவு வானம் துடைத்துவிட்டது போல இருந்தது. மேகமும் இல்லை, காற்றும் இல்லை. விடிய எழும்பிப் பார்த்தால் புல்தரை முழுக்க வெள்ளை. பத்திரிகைகளில் துகள் உறைபனி என்று எழுதுவது இதைத்தான். பக்கத்துத் தோட்டக்காரர்கள் வெயில் விழுவதற்கு முன் உருளைக்கிழங்குக்குத் தண்ணீர் அடித்துப் பனியைக் கரைத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் மேட்டுக்குக் குழாய் எட்டவில்லை. ஒன்பது மணி வெயிலில் இலையெல்லாம் வெந்நீரில் போட்ட கீரை மாதிரித் தொங்கியது. மாலைக்குள் கறுத்தது. அந்தக் கிழமை இப்படி மூன்று விடியல். நிலத்தின் நடுவில் கிண்ணம் போல ஒரு பள்ளம் இருக்கிறது. அதில் நின்றது ஒன்றுகூட மிஞ்சவில்லை.

விற்றவருக்கு எடுத்தேன். "பனி கடவுள் செயல்க்கா, நாங்க என்ன செய்ய? நீங்க மூடியிருக்கணும். மார்ச் வரைக்கும் பொறுத்துப் பாருங்க, அடியில தளிர்க்கும்." நம்பிக் காத்திருந்தேன். பெப்ரவரியில் இரண்டு தடவை எடுத்தேன், பதில் இல்லை. பிறகு என் நம்பரில் இருந்து அழைப்பே போகவில்லை.

மார்ச்சில் எண்ணிப் பார்த்தோம். 168 செத்திருந்தது, 82 உயிரோடு. அதில் பாதிக்கு மேல் நுனி கருகி அடியில் இருந்து புதிதாகத் தளிர்த்தவை. கருகிய கொப்பு ஒன்றையும் இலையோடு இருந்த ஒன்றையும் எடுத்துக்கொண்டு வட்டார வன அலுவலகத்துக்குப் போனேன். அங்கே ஒரு அலுவலர் இலையை விரலில் வைத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, இது கிராண்டிஸ் இல்லை, கமல்டுலென்சிஸ் என்ற வேறு வகை என்றார். கிராண்டிஸ் கன்றில் இலையின் மேல்பக்கம் கரும்பச்சை, அடிப்பக்கம் வெளிறியிருக்கும். என் கையில் இருந்ததில் இரண்டு பக்கமும் ஒரே மங்கல் பச்சை, ஒடுங்கிய இலை. கமல்டுலென்சிஸ் வறண்ட சூடான இடத்துக்கு நல்ல மரம், பதுளை, மொனராகலைப் பக்கம் நட்டிருக்கிறார்களாம்.

யூகலிப்டஸ் என்பது ஒரு மரத்தின் பெயர் இல்லை. ஆஸ்திரேலியாவில் 700 வகைக்கு மேல் இருக்கிறது. நாம் எல்லாவற்றையும் டர்பன்டைன் என்று ஒரே பெயரில் கூப்பிடுவதுதான் விற்கிறவருக்கு வசதி. ஒரே வகைக்குள்ளும் விதை எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். கமல்டுலென்சிஸ் ஆஸ்திரேலியாவின் குளிரான தெற்கிலும் இருக்கிறது, வெப்பமான வடக்கிலும் இருக்கிறது. வடக்கு விதையில் வந்த கன்றுக்கு உறைபனி என்றால் என்னவென்றே தெரியாது. அதைச் சூடான தவறணையில் நிழலில் வைத்து, யூரியா போட்டு மளமளவென்று வளர்த்து, ஒரே நாளில் மலைக்கு ஏற்றி இறக்கினால் அந்த இளந்தண்டு எப்படித் தாங்கும்?

ஒன்பது டிகிரி என்று விற்றவர் சொன்னதையும் அந்த அலுவலரிடம் கேட்டேன். நுவரெலியா 1868 மீட்டர் உயரம். ஜனவரி இரவுகளின் சராசரி ஒன்பது டிகிரி அளவில் இருப்பது உண்மைதான். ஆனால் சராசரியில் மேகம் மூடிய இரவும் சேர்ந்திருக்கிறது. வெப்பமானி நெஞ்சுயரத்தில் பெட்டிக்குள் இருக்கிறது, கன்று தரையில் நிற்கிறது. வானம் திறந்த இரவில் பெட்டிக்குள் மூன்று நான்கு டிகிரி காட்டும்போதே புல்லின் மேல் உறைந்துவிடும். குளிர்ந்த காற்று பாரமானது, தண்ணீர் மாதிரிச் சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். எங்கள் கிண்ணத்தில் ஒன்றும் தப்பாததற்கு அதுதான் காரணம். அந்தப் பள்ளத்தில் உண்மையான கிராண்டிஸை நட்டிருந்தாலும் முதல் வருடம் அடி வாங்கியிருக்கும் என்று அவர் நேராகவே சொன்னார்.

எங்கள் பிழையும் ஒன்று இருந்தது. ஈரம் காக்க என்று கன்றைச் சுற்றி மானாப்புல்லைத் தடிப்பாகப் போட்டிருந்தோம். பகலில் மண்ணுக்குள் போன சூடு இரவில் வெளியே வந்து கன்றுக்குக் கொஞ்சம் உதவும், காய்ந்த புல் அதைத் தடுத்துவிடும். டிசம்பர் தொடங்கும்போது புல்லை விலக்கி, மண்ணை ஈரமாக வெறுமையாக விட வேண்டுமாம். வேண்டுமானால் அந்தப் புல்லைக் கன்றின் கிழக்குப் பக்கம் மறைப்பாகக் குத்தி வைக்கலாம், உறைந்த இலையில் விடியல் வெயில் சடாரென்று படாமல் இருக்கும்.

இதையெல்லாம் கேட்டும், மிச்சம் 82 இருக்கிறதே என்ற நினைப்போடுதான் எழும்பினேன். அப்போதுதான் அவர், "வேர் எப்படி இருந்தது?" என்று கேட்டார். சும்மாடு மாதிரி என்றேன். ஒன்றைத் தோண்டிப் பார்க்கச் சொன்னார்.

ஐந்தைத் தோண்டினோம். ஐந்து மாதம் மண்ணில் இருந்தும் வேர் வெளியே போகவே இல்லை. பைக்குள் எப்படிச் சுற்றியிருந்ததோ அப்படியே, பென்சில் தடிப்பில், மரமாக முற்றி, ஒன்றின் மேல் ஒன்று முறுக்கிக்கொண்டிருந்தது. ஆணிவேர் கீழே போகாமல் மடங்கி மேலே பார்த்தது. மூன்று நான்கு மாதத்தில், ஒரு அடி உயரத்துக்குள் இருக்கும்போதே நட வேண்டிய கன்றை, விலைபோகாமல் ஒரு வருடம் அந்தச் சின்னப் பையிலேயே வைத்திருந்திருக்கிறார்கள். நாங்கள் ஆசைப்பட்ட அந்த உயரம் அதனால் வந்ததுதான்.

இப்படிப்பட்ட கன்று சாகாது. அதுதான் பயம். தளிர்த்து வளரும், ஏழு எட்டு வருடத்தில் லயத்துக் கூரையை (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டுக் கூரையை) தாண்டிப் போகும், பிடிமானம் மட்டும் இருக்காது. சுற்றிய வேர் தடிக்கத் தடிக்கத் தன் கழுத்தைத் தானே நெரிக்கும். ஒரு பெருங்காற்றில் வேரோடு சாயும். எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் தோட்டத்து லயம் இருக்கிறது. பத்துக் காம்பரா. அங்கே கைக்குழந்தை உள்ள வீடு மட்டும் மூன்று.

அம்மாவுக்கு மனம் வரவில்லை. "பனிக்கும் தப்பி உசிரோட நிக்கிறத எப்பிடிம்மா புடுங்குறது?" என்றார். இரண்டு நாள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் அவர் மண்வெட்டியோடு மேலே போவதைக் கண்டு பின்னால் ஓடினேன். அவருடைய சின்ன வயதில் மேட்டு லயத்தில் மரம் விழுந்து இரண்டு காம்பரா நொறுங்கியதைப் பற்றி அன்றைக்குத்தான் என்னிடம் சொன்னார். லய ஓரத்தில் நின்ற கன்றுகளை அவரே முதலில் பிடுங்கினார். மாலைக்குள் 82ம் போய்விட்டது.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறையிடலாம் என்று எனக்குப் பிந்தித்தான் தெரிந்தது. தொலைபேசி இலக்கம் 1977. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, பொருளை வாங்கி மூன்று மாதத்துக்குள் முறைப்பாட்டை எழுத்தில் கொடுக்க வேண்டும். ஒக்டோபர் கடைசியில் வாங்கினேன், ஜனவரி நடுவில் கன்று செத்தது, அப்போதே கொடுத்திருந்தால் கிட்டத்தட்ட இரண்டு கிழமை இருந்திருக்கும். "மார்ச் வரைக்கும் பொறுங்க" என்ற பேச்சில் அந்த நாட்கள் போய்விட்டன. நாள் தெரிந்துதான் சொன்னாரோ என்று இன்றைக்கும் மனம் எரிகிறது. நாள் இருந்திருந்தாலும் என் கையில் இருந்தது "மரக்கன்று 250" என்ற பில். கிராண்டிஸ் என்று சொல்லித்தான் விற்றார் என்பதற்கு என் வாய்ச்சொல்லைத் தவிர ஒன்றும் இல்லை. ஆகவே வகையின் பெயர், கன்றின் வயது, வளர்த்த ஊர், மூன்றையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள். எழுத மாட்டேன் என்றால் வாங்காதீர்கள்.

இந்த வருடம் மே கடைசியில் மறுபடி நட்டோம், 80 மட்டும். எங்கள் உயரத்திலேயே வளர்ந்த கன்று, முக்கால் அடி உயரம், பார்க்க ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும். வாங்குமுன் மூன்று பையை என் காசுக்கே எடுத்து வெட்டிப் பார்த்தேன். வேர் வெள்ளையாக, நேராகக் கீழே இறங்கியிருந்தது. கை பட்டதும் மண் கொஞ்சம் உதிர்ந்தது. மே மாதத்தில் நட்டால் ஜனவரிப் பனிக்கு முன் ஏழு மாதம் கிடைக்கும், தண்டு முற்ற நேரம் இருக்கும். ஒக்டோபரில் நட்டால் இரண்டரை மாதம்தான். பனி விழாத கீழ்ப்பகுதிகளுக்கு ஒக்டோபர் நடவு பொருந்தலாம், எங்கள் பக்கம் பொருந்தாது. செப்டெம்பருக்குப் பிறகு யூரியா போடுவதில்லை என்று முடிவெடுத்திருக்கிறோம். பள்ளத்தைப் புல்லுக்கே விட்டுவிட்டோம், மாட்டுக்கு ஆகும். லய ஓரத்தில் மரமே வைக்கவில்லை.

ராகலைப் பாதையில் நின்ற அந்த லொறியில் யாராவது வாங்கியிருந்தால், நடுவதற்கு முன் இன்றைக்கே ஒரு பையை வெட்டிப் பாருங்கள். வேர் ஓரத்தில் லேசாக மட்டும் சுற்றியிருந்தால் அடியில் ஒரு விரல் அளவு வெட்டிவிட்டு, பக்கங்களில் மேலிருந்து கீழாகக் கத்தியால் கீறி நடலாம். முற்றி முறுக்கியிருந்தால் நடாதீர்கள். பையோடு படம் எடுத்து, பில்லையும் எடுத்து வையுங்கள். வாங்கிய தேதியில் இருந்து மூன்று மாதம் என்பதை நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள்.