உப்புக் காற்றில் பதின்மூன்று வயதுக் கணினி: இராமநாதபுரத்துக் கடை ஒன்றின் பழுதுப் பணி பற்றி

எங்கள் வீட்டு மேசைக் கணினி 2012ஆம் ஆண்டு மகள் கல்லூரியில் சேர்ந்தபோது வாங்கியது. இன்டெல் ஐ3-2100 செயலி, ஹெச்61 வகை மதர்போர்டு, 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 7 என்று வந்த அந்தக் கணினி, 2016 ஜூலையில் இலவச மேம்பாடு முடிவதற்குச் சில நாட்களுக்கு முன்பு விண்டோஸ் 10க்கு மாறியது. மகள் மணமாகிக் கோயம்புத்தூர் போன பிறகு அதில் நடப்பவை இரண்டே வேலைகள்: தம்பியின் விசைப்படகுக்கான டீசல், ஐஸ், பங்குக் கணக்கு, ஓய்வு பெற்ற ஆசிரியரான அப்பா எழுதும் கடிதங்கள். இந்த இரண்டுக்கும் புதுக் கணினி வாங்க வேண்டுமா என்ற கேள்வி, விண்டோஸ் 10க்கான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2025 அக்டோபர் 14உடன் நின்றபோது எழுந்தது.

அதற்கு விடை தேடி நான் போன இராமநாதபுரத்துக் கடை ஒன்றைப் பற்றியே இங்கு எழுதுகிறேன். கடையின் பெயரை எழுத வேண்டாம் என்று உரிமையாளரே கேட்டுக்கொண்டார். ஒருவர் மட்டும் வேலை பார்க்கும், எட்டடிக்குப் பத்தடி இடம் அது. கூட்டம் சேர்ந்தால் வேலை கெட்டுவிடும் என்பது அவர் கவலை. கேணிக்கரைப் பக்கம் பழைய கணினி வைத்திருக்கும் நான்கு பேரைக் கேட்டால் இருவராவது அங்கேதான் அனுப்புவார்கள்.

முதலில் நான் போனது வேறொரு கடைக்கு. அங்கே பெட்டியைத் திறக்காமலே, திரையை மட்டும் பார்த்துவிட்டு, விண்டோஸ் 11ஐயே போட்டுத் தருவதாகச் சொன்னார்கள். விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு எங்கள் கணினியில் இல்லை. மைக்ரோசாஃப்ட்டின் ஆதரவுப் பட்டியலில் உள்ள இன்டெல் செயலிகள் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்து தொடங்குகின்றன, எங்களுடையதோ இரண்டாம் தலைமுறை. அந்தச் சோதனையைத் தாண்டி நிறுவுவதற்கு வழிகள் இருக்கின்றன என்பது உண்மைதான். ஆனால் அப்படி நிறுவிய கணினிக்குப் புதுப்பிப்புகள் கிடைக்கும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. புதுப்பிப்பு நின்றுபோனதற்காகக் கடைக்குப் போனவனிடம் புதுப்பிப்புக்கு உறுதியில்லாத ஒன்றை விற்கப் பார்த்தது எனக்குப் பிடிக்கவில்லை. சி.பி.யூ.வைப் போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பாம்பனிலிருந்து நாற்பது கிலோமீட்டருக்கு மேல் பேருந்தில் வந்தவன் என்பதால், எரிச்சல் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது.

இரண்டாவது கடைக்காரர் முதலில் கேட்ட கேள்வி, "வீடு எந்த ஊர் சார்?" என்பது. பாம்பன் என்றதும் வேறெதுவும் கேட்காமல் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினார். திருகுகளில் இரண்டு துருவேறி வர மறுத்தன. உள்ளே விசிறியின் இறக்கைகளில் படிந்திருந்த தூசு உலர்ந்த தூசாக இல்லாமல் பிசுபிசுப்பாக ஒட்டிக்கொண்டிருந்தது. எங்கள் ஊரில் வாடை வீசும் மாதங்களில் பாக் நீரிணைப் பக்கமிருந்தும், தென்காற்றான சோளகம் வீசும் காலத்தில் மன்னார் வளைகுடாப் பக்கமிருந்தும் உப்பு வந்துகொண்டேயிருக்கும். காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டினால் சோற்றுப்பு தானாகவே நீரை உறிஞ்சிக் கரையத் தொடங்கும். ஜாடியில் உப்பு கசிந்து நிற்பதைப் பார்க்காத வீடு எங்கள் கரையில் கிடையாது. அதே கசிவு மதர்போர்டின் மேல் நடக்கும்போது அது மின்சாரம் கடத்தும் ஈரப் படலமாகிவிடுகிறது, உலோகத்தையும் அரிக்கிறது. 1914இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தைத் தின்ற காற்று ஒரு ரேம் பட்டையை விட்டுவைக்குமா என்ன?

அடுத்த ஒரு மணி நேரம் அவர் இயங்குதளம் என்ற சொல்லையே எடுக்கவில்லை என்பதுதான் இந்தக் கடையைப் பற்றி நான் சொல்ல விரும்பும் முக்கியமான செய்தி. ஊதுகருவியால் தூசை வெளியேற்றினார். மென்மையான தூரிகையை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் தொட்டு, பச்சை பூத்திருந்த இடங்களைத் துடைத்தார். ரேம் பட்டையைக் கழற்றி அதன் பொன்னிறத் தொடுமுனைகளைப் பள்ளிக்கூடத்து ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகள்களைத் துடைத்துவிட்டுத் திரும்பச் செருகினார். செயலியின் மேல் இருந்த வெப்பப் பசை சுண்ணாம்பாகக் காய்ந்திருந்தது. அதைச் சுரண்டி எடுத்துப் புதிதாக இட்டார். ரேம் செருகும் பள்ளம் ஒன்றில் எண்ணெய்ப் பிசுக்கைக் கண்டு அவர் நிமிர்ந்து பார்த்தபோது நான் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று: படகு எஞ்சினின் துருப்பிடித்த திருகுகளுக்கு அடிக்கும் எண்ணெயைத் தம்பி சென்ற ஆண்டு அதில் பீய்ச்சியிருந்தான். எஞ்சினுக்குச் செய்யும் வைத்தியத்தை இதற்குச் செய்தால், எண்ணெய் தூசைப் பிடித்து வைத்துக்கொண்டு நாளடைவில் தொடுமுனையையே அடைத்துவிடும் என்று அவர் விளக்கியபோது, தம்பியை அழைத்து வராமல் போனோமே என்றிருந்தது.

பிறகு எங்களுக்குப் பெரிய புதிராக இருந்த ஒன்று தீர்ந்தது. ஓராண்டாகவே மின்சாரம் போய் வந்தால் வங்கியின் இணையதளம் உட்பட எதுவும் திறக்காது. வைரஸ் என்றும், விண்டோஸ் பழசாகிவிட்டது என்றும் ஆளுக்கொன்று சொல்லிக்கொண்டிருந்தோம். கடைக்காரர் மதர்போர்டிலிருந்த காசு வடிவ சிஆர்2032 பேட்டரியை எடுத்து மல்டிமீட்டரில் வைத்துக் காட்டினார். 3 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 2.3 வோல்ட் இருந்தது. பேட்டரி சோர்ந்துவிட்டால், மின்சாரம் நிற்கும் ஒவ்வொரு முறையும் கணினியின் நாள்காட்டி பழைய தேதிக்குத் திரும்பிவிடுகிறது. இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்களுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு என்பதால், கணினி தன்னை 2011இல் இருப்பதாக நினைத்துக்கொண்டால் இன்றைய சான்றிதழ் எதுவும் அதற்குச் செல்லாததாகவே தெரியும். ஐம்பது ரூபாய்ப் பேட்டரிக்காக ஓராண்டு அவதிப்பட்டிருக்கிறோம்.

ஹார்ட் டிஸ்க்கை அவர் சோதித்த முறையும் சொல்லத்தக்கது. விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளம் லினக்ஸ் மின்ட்டை, நிறுவாமலேயே பென் டிரைவிலிருந்து இயக்கி, அதிலுள்ள வட்டு மேலாண்மைக் கருவியில் எங்கள் வட்டின் உடல்நிலைப் பதிவைத் திறந்து காட்டினார். கெட்டுப்போன பகுதிகளுக்கு மாற்றாக வட்டு தானே ஒதுக்கிக்கொண்ட பகுதிகளின் எண்ணிக்கை அதில் ஏறியிருந்தது. இனி இதை நம்ப வேண்டாம், கோப்புகளை எடுத்துக்கொண்டு ஓய்வு கொடுத்துவிடுங்கள் என்றார். அதற்குப் பதிலாக, சுழலும் வட்டு இல்லாத வேகமான சேமிப்பகமான எஸ்.எஸ்.டி. போடச் சொன்னதில் வியப்பில்லை, எந்தக் கடையிலும் அதைத்தான் சொல்வார்கள். ஆனால் நான் விலை கூடிய ஒன்றைக் கையில் எடுத்தபோது அவர் தடுத்துவிட்டார். எங்கள் மதர்போர்டின் ஹெச்61 சிப்செட்டில், வட்டைக் கணினியோடு சேர்க்கும் சாட்டா இணைப்பு நொடிக்கு 3 ஜிகாபிட் வேகம் மட்டுமே தரும். நொடிக்கு 500 எம்பிக்கு மேல் படிக்கும் எஸ்.எஸ்.டி.யைப் போட்டாலும் அதில் ஏறக்குறைய பாதி வேகம்தான் கிடைக்கும். எனவே சாதாரண 240 ஜிபி போதும் என்றார். பழைய கணினியில் எஸ்.எஸ்.டி. தரும் விறுவிறுப்பு, சிதறிக் கிடக்கும் சிறு கோப்புகளைக் காத்திருக்காமல் எடுப்பதிலிருந்து வருவது. அது மலிவான எஸ்.எஸ்.டி.யிலும் கிடைக்கும். இலாபம் கூடுதலாக வரும் பொருளை வேண்டாம் என்று சொன்ன கடைக்காரரைப் பார்த்து நெடுநாளாயிற்று.

நான் காத்திருந்த நேரத்தில் கீழக்கரையிலிருந்து வந்த பெரியவர் ஒருவர், மகன் சவூதியிலிருந்து கொண்டுவந்த, விசைகளில் அரபி எழுத்துகள் பொறித்த மடிக்கணினியை நீட்டினார். "காக்கா (அண்ணா), இது ஐந்து வருடத்துப் பொருள்தான், இதிலேயே விண்டோஸ் பதினொன்று ஏறும், காசு செலவழிக்க வேண்டாம்" என்று கடைக்காரர் அவரை அனுப்பிவிட்டார். ஆக, லினக்ஸ் அவருக்கு ஒரு மதம் இல்லை. கணினிக்கும் ஆளுக்கும் ஏற்றதைச் சொல்கிறார். என்னிடமும் அப்படித்தான் விசாரித்தார். டேலி பயன்படுத்துகிறீர்களா என்று கேட்டு, இல்லை, கணக்கெல்லாம் எக்ஸெல் தாளில்தான் என்று உறுதி செய்துகொண்ட பிறகே லினக்ஸ் மின்ட்டைப் பரிந்துரைத்தார். டேலியில் கணக்கு எழுதுபவர்கள் இந்த வழியில் போக வேண்டாம். அது விண்டோஸுக்கான மென்பொருள். அவர்களுக்கும் புதுக் கணினி வாங்கச் சிறிது காலம் தேவைப்படுவோருக்கும், விண்டோஸ் 10க்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புப் புதுப்பிப்புகளை நீட்டித்துக்கொள்ளும் திட்டம் ஒன்றை மைக்ரோசாஃப்ட் வைத்திருக்கிறது என்பதையும் அவரே சொன்னார்.

நிறுவியது லினக்ஸ் மின்ட் 22 வரிசையின், பழைய கணினிக்கும் பளுவில்லாத எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. இது உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸின் 24.04 பதிப்பை அடித்தளமாகக் கொண்டது. 2029 வரை புதுப்பிப்புகள் வரும். குறைந்தது 2 ஜிபி ரேம், வசதியாக ஓட 4 ஜிபி என்பது மின்ட் தரும் அளவுகோல். மதர்போர்டில் இருப்பதே இரண்டு பள்ளங்கள்தான் என்பதால், காலியாக இருந்ததில் பயன்படுத்திய 4 ஜிபி டிடிஆர்3 பட்டை ஒன்றைச் செருகி 8 ஜிபி ஆக்கினோம். விண்டோஸ் 10 எழுந்து நிற்க மூன்று நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொண்டது; இப்போது பொத்தானை அழுத்தியதிலிருந்து இணைய உலாவி திறக்கும் வரை முக்கால் நிமிடம் ஆகிறது. எஸ்.எஸ்.டி. 1,650 ரூபாய், ரேம் 550, பேட்டரி 50, துடைத்தது, பசை, நிறுவல் எல்லாம் சேர்த்துக் கூலி 700. மொத்தம் 2,950 ரூபாய்.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். மறுநாள் தருவதாகச் சொன்ன கணினி நான்காம் நாள்தான் கிடைத்தது. அதற்குள் இரண்டு முறை பேருந்துக் கட்டணம் வீணாயிற்று. எழுதிய ரசீது கேட்டால்தான் தருகிறார், அதுவும் ஒரு துண்டுத் தாளில். பயன்படுத்திய ரேமுக்கு எத்தனை மாத உத்தரவாதம் என்பதை வாயால் மட்டுமே சொன்னார். வீட்டு அச்சுப்பொறியைப் பற்றி அவர் கேட்கவேயில்லை. எங்களிடம் இருப்பது, ஒவ்வொரு முறை இயக்கும்போதும் கணினியிலிருந்து தன் உள்மென்பொருளை வாங்கிக்கொள்ளும் வகை லேசர் அச்சுப்பொறி. தயாரிப்பாளரின் கூடுதல் கோப்பு ஒன்றைத் தனியாக இறக்கி நிறுவும் வரை அது லினக்ஸில் அசையவில்லை. ஒரு மாலைப் பொழுது அதில் போயிற்று.

அதைவிட என்னை வருத்தியது தமிழ். அப்பா பத்தாண்டுகளாக எழுதிய கடிதங்களில் பாதி பாமினி எழுத்துருவில் இருக்கின்றன. பாமினியில் தட்டச்சு செய்த கோப்பின் உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகளே. எழுத்துருதான் அவற்றைத் தமிழாகக் காட்டுகிறது. புதிய இயங்குதளத்தில் அந்த எழுத்துரு இல்லாததால், லிப்ரேஆஃபீஸில் கடிதங்களைத் திறந்தபோது பொருளற்ற ஆங்கில எழுத்துக் கூட்டம் வந்தது. கோப்புகள் அழிந்துவிட்டன என்றே அப்பா நினைத்துவிட்டார். பழைய வட்டின் விண்டோஸ் எழுத்துரு அடைவிலிருந்து பாமினி கோப்பை எடுத்து மின்ட்டில் நிறுவியதும் எல்லாம் திரும்பி வந்தன. தட்டச்சுக்கும் கடைக்காரர், ஆங்கில எழுத்தில் ஒலியை அடித்தால் தமிழாக மாற்றும் ஒலிபெயர்ப்பு முறை ஒன்றை மட்டுமே அமைத்துத் தந்திருந்தார். 1999இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 விசைமுறையை ஐபஸ், எம்17என் என்ற தட்டச்சு மென்பொருள் தொகுப்புகளின் வழியாக நானே சேர்த்துக்கொண்டேன். தமிழ்நாட்டில் பழைய கணினியைப் புதுப்பிப்பவர், உங்கள் பழைய தமிழ்க் கோப்புகள் எந்த எழுத்துருவில் இருக்கின்றன என்று ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். வன்பொருளில் இத்தனை நுட்பம் காட்டியவர் இதைத் தவறவிட்டது ஏமாற்றமே.

கணினியைத் திரும்பத் தரும்போது அவர் சொன்ன பராமரிப்பு விதிகளைக் கடற்கரை ஊர்க்காரர்களுக்காக எழுதுகிறேன். கடலைப் பார்த்த சன்னல் அருகே வைக்க வேண்டாம்; தரையில் வைக்காமல் ஓரடியாவது உயர்த்தி வைக்க வேண்டும். மழை மாதங்களில் வேலை இல்லாவிட்டாலும் நாள்தோறும் அரைமணி நேரம் ஓடவிட்டால், உள்ளே எழும் சூட்டில் ஈரம் காய்ந்துவிடும். அணைத்தவுடன் உறை போடாமல், ஆறிய பிறகு போட வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறையாவது, சோளகக் காற்று ஓய்ந்த பிறகு, திறந்து துடைக்க வேண்டும். மின்னழுத்தம் ஏறி இறங்கும் எங்கள் ஊருக்கு யூ.பி.எஸ். கட்டாயம்.

நான் கிளம்பும்போது பக்கத்து வீட்டாரின் பென்டியம் 4 கணினியையும் அடுத்த முறை கொண்டுவரலாமா என்று கேட்டேன். அது பழைய 32 பிட் வகைச் செயலி, அதில் மின்ட் 22 ஏறாது, அதற்காகப் பணம் வாங்கினால் பாவம் என்று மறுத்துவிட்டார். மறுத்தது நேர்மைதான். ஆனால் டெபியன் என்ற வேறொரு லினக்ஸின் 12ஆம் பதிப்பில் 32 பிட் வகையும் உண்டு; பாட்டுக் கேட்கவும் கடிதம் அடிக்கவும் அது போதும். பக்கத்து வீட்டாரின் கணினியில் அதை நானே இந்த ஞாயிற்றுக்கிழமை போட்டுப் பார்க்கப் போகிறேன், முதலில் ரப்பரும் தூரிகையும் எடுத்துக்கொண்டு.