ரூட்மாஸ்டர் மாடல் பஸ்: பாடி கட்டினவன் கண்ணுக்கு எப்படி இருக்கிறது?

கரூரில் 31 வருஷம் பஸ் பாடி கட்டினவன் நான். தகடு வேலை. சேசிஸ், அதாவது இன்ஜினும் சக்கரமும் பூட்டிய அடிச்சட்டம், வெறும் எலும்புக்கூடாக வரும். டிரைவர் தலையில் ஹெல்மெட்டோடு, பலகை மேல் உட்கார்ந்து, வெயிலில் காய்ந்து ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்துவார். அதன் மேல் பில்லர் நிறுத்தி, கூரை போட்டு, தகடு அடித்து, பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்து அனுப்புவோம். அப்படிப்பட்ட ஆள் ஒரு பொம்மை பஸ்ஸுக்கு 18,400 ரூபாய் கொடுத்தால் வீட்டில் என்ன பேச்சு விழும் என்று சொல்ல வேண்டியதில்லை. "கட்டின பஸ்ஸெல்லாம் பத்தலையாக்கும்" என்றாள் எங்க வீட்டம்மா.

வாங்கியது லண்டனின் ரூட்மாஸ்டர் மாடி பஸ். நிஜத்தில் 24ல் ஒரு பங்கு அளவு. ஆன்லைனில் பிடித்துக் கொடுத்தது கோயம்புத்தூரில் இருக்கும் மாப்பிள்ளை. வெளிநாட்டிலிருந்து வர 19 நாள் ஆனது.

பெட்டியைப் பிரித்ததும் முதலில் டேப்பை எடுத்தேன். நீளம் 35 சென்டிமீட்டர். 24ஆல் பெருக்கினால் 8.4 மீட்டர், அதாவது 27 அடி 6 அங்குலம். நிஜ வண்டியின் நீளமும் அதுதான். உயரம் 18 சென்டிமீட்டரைக் கொஞ்சம் தாண்டியது. நிஜ வண்டி 14 அடி 4 அங்குலத்துக்குச் சற்று மேல். கணக்கு சரி. அளவில் ஏமாற்றவில்லை என்றதும் பாதி மனசு நிறைந்துவிட்டது.

டிரைவர் பக்கத்துக் கண்ணாடி ஒடிந்து, பெட்டிக்குள் கிடந்தது. விற்றவர்களுக்குப் போட்டோ அனுப்பினோம். 'உங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது' என்று ஒரு பதில், அப்புறம் பேச்சு மூச்சு இல்லை. ஊசி முனையில் ஒரு சொட்டு பசை வைத்து நானே ஒட்டிவிட்டேன். கண்ணாடி ஒட்டுவது எனக்குப் புதுசா?

இனி வண்டிக்கு வருகிறேன். இந்த பஸ் மேல் எனக்கு ஆசை வந்ததற்குக் காரணம் சிவப்புப் பெயிண்டோ மாடியோ இல்லை. இதற்குச் சேசிஸ் கிடையாது. நாங்கள் சேசிஸ் மேல் உட்கார வைக்கிற கூண்டுதான் இங்கே முதுகெலும்பும். முன்னால் இன்ஜினையும் ஸ்டியரிங்கையும் தாங்க ஒரு சின்ன ஃபிரேம், பின்னால் ஆக்சிலுக்கு ஒன்று. இரண்டையும் நேராகப் பாடியிலேயே மாட்டிவிட்டார்கள். பாரம் முழுக்கத் தாங்குவது அலுமினியப் பாடி. இதை முதன்முதலாகப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

அந்தக் கை அவர்களுக்கு எங்கிருந்து வந்தது என்றால், யுத்தத்திலிருந்து. இரண்டாம் உலகப் போரில் லண்டன் பஸ் தொழிலாளிகளையே ஹாலிஃபாக்ஸ் குண்டுவீச்சு விமானம் கட்ட வைத்தார்கள். 1945க்குள் 710 விமானம். மெல்லிய அலுமினியத்தில் கனம் இல்லாமல் பலமாகக் கட்டும் வித்தை அங்கே கை பழகியது. அதை பஸ்ஸில் இறக்கியதுதான் ரூட்மாஸ்டர். இதற்கு முந்தைய வண்டியில் 56 சீட். இதில் 64 சீட், எடை மட்டும் முக்கால் டன் குறைவு. மொத்தம் ஏழரை டன் பக்கம்தான். சீட்டைக் கூட்டி எடையைக் குறைப்பதென்றால் என்னவென்று, ஒரு கிலோ கூடினாலும் ஓனரிடம் பாட்டு வாங்கிய எங்களைக் கேட்டால் சொல்வோம்.

முதல் வண்டி 1954ல் காட்சிக்கு வந்தது, 1956ல் ரோட்டுக்கு வந்தது. 1968 வரை 2,876 வண்டிகள். பவர் ஸ்டியரிங், தானாக மாறும் கியர், முன் சக்கரத்துக்குத் தனித்தனி சஸ்பென்ஷன் என்று அந்தக் காலத்திலேயே எல்லாம் உண்டு. இன்ஜின் பெரும்பாலும் ஏ.இ.சி. என்கிற இங்கிலாந்து கம்பெனியுடையது, சிலவற்றில் அந்த ஊர் லேலண்டுடையது. 1962ல் ஏ.இ.சி. கம்பெனியே லேலண்டோடு சேர்ந்துவிட்டதால், நம் எண்ணூர் அசோக் லேலண்டுக்கு இந்த வண்டி ஒரு வகையில் பங்காளி முறை.

மாடலின் உள்வேலையைச் சொல்ல வேண்டும். பானெட் திறக்கிறது, இன்ஜின் தெரிகிறது. மேல்கூரை கழன்று வருகிறது. டார்ச் அடித்து உள்ளே பார்த்தேன்: பக்கத் தகடு கருஞ்சிவப்பு, ஜன்னல் ஓரம் ஒரு பச்சை, உட்கூரை மஞ்சள். நிஜ வண்டிக்கு டக்ளஸ் ஸ்காட் என்கிற வடிவமைப்பாளர் தேர்ந்தெடுத்த மூன்று நிறங்களும் பிசகாமல் இருக்கின்றன. சீட்டுத் துணியின் கட்டம் கூட அச்சில் தெளிவு. பின் சக்கரத்துக்கு மேலே பக்கவாட்டு சீட் இரண்டு, படிக்கட்டுக்கு அடியில் கண்டக்டர் ஒதுங்கி நிற்க ஒரு மூலை. கண்டக்டருக்கென்று இடம் விட்டுக் கட்டிய வண்டி இது. நாங்கள் கட்டிய டவுன் பஸ்ஸில் அந்தப் புண்ணியவான் கூட்டத்துக்குள் எப்படி நீந்துவார் என்று நாங்கள் யோசித்ததே இல்லை.

பேத்திக்கு ஆறு வயசு. பஸ்ஸைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அப்புச்சி, இதுக்குக் கதவக் காணோம்?" என்றாள். சரியான இடத்தைப் பிடித்தாள். பின்னால் திறந்த மேடை, பிடித்துக்கொள்ள ஒரு கம்பி, அவ்வளவுதான். சிக்னலில் நின்றால் ஏறலாம், இறங்கலாம். காலை எட்டரைக்குத் திருப்பூரில் இப்படி ஒரு வண்டியை விட்டால் மேடையில் 20 பேர், கம்பியில் 5 பேர் தொங்குவார்கள் கண்ணு என்றேன். அவளுக்குப் புரியவில்லை, சிரித்தாள்.

லண்டனிலும் கடைசியில் அந்தத் திறந்த மேடைதான் வினையாயிற்று. சக்கர நாற்காலியில் வருகிறவர் ஏற வழியில்லை, கண்டக்டர் சம்பளம் வேறு. 17 வருஷம் ஓடினால் போதும் என்று திட்டமிட்ட வண்டி, 2005 டிசம்பர் 9 வரை ஓடியது. கடைசி ரூட் 159. ஊர் சுற்றிக் காட்ட அதற்கப்புறமும் சில வண்டிகளை விட்டு வைத்தார்கள்.

அத்தனை வருஷம் தாங்கியதற்கு, லண்டன் பஸ்களைப் பிரித்துப் புதுப்பித்த ஆல்டன்ஹாம் பட்டறை ஒரு காரணம். பெரிய வேலைக்கு வண்டி வந்தால் பாடி தனி, ஃபிரேம் தனி என்று பிரித்துவிடுவார்கள். வேலை முடிந்து எந்தப் பாடி தயாரோ அதை எந்த ஃபிரேம் தயாரோ அதோடு சேர்த்து, நம்பர் பிளேட்டை மாட்டி அனுப்புவார்கள். உள்ளே போன வண்டியும் வெளியே வந்த வண்டியும் நம்பரில்தான் ஒன்று. ஒரு பாடி இன்னொன்றின் ஃபிரேமில் அப்படியே உட்கார வேண்டுமென்றால் ஓட்டைக்கு ஓட்டை அளவு பிசகக் கூடாது. எங்கள் பட்டறையில் ஒரே ஓனருக்கு ஒரே வாரத்தில் கட்டிய இரண்டு வண்டியின் கதவை மாற்றிப் போட்டால் மாட்டாது. ரம்பம் எடுக்க வேண்டும். பஸ் பாடி எப்படிக் கட்ட வேண்டும் என்று சொல்லும் ஏஐஎஸ் 052 விதி வந்த பிறகுதான் கொஞ்சம் ஒழுங்கு வந்தது.

இத்தனையும் தெரிந்துகொண்டு மாடலைக் கவிழ்த்துப் பார்த்தால், அடியில் ஒரே கருப்பு பிளாஸ்டிக் தட்டு! ஃபிரேம் எங்கே தொடங்கிப் பாடி எங்கே முடிகிறது என்று ஒரு கோடு கூட இல்லை. 18,400 வாங்கியவர்கள், எது இந்த வண்டியின் பெருமையோ அதையே மூடிவிட்டார்கள். இன்னொரு குறை, பெயிண்ட் தடிமன். மாடிக்கும் கீழ்த்தளத்துக்கும் நடுவே ஓடும் பீடிங் பட்டையின் ஓரம் பெயிண்ட் தேங்கி நிற்கிறது. எங்கள் பட்டறை மேஸ்திரி பார்த்திருந்தால் தேய்த்து மறுபடி அடிக்கச் சொல்லியிருப்பார்.

குழந்தைக்கு விளையாட என்று யாரும் வாங்க வேண்டாம். கண்ணாடி, வைப்பர் எல்லாம் விரல் பட்டாலே போய்விடும். காட்சிக்கு வைக்கிறவர்கள் தாராளமாக வாங்கலாம். ஆனால் பெட்டியைப் பிரிக்கும்போதே வீடியோ எடுத்து வையுங்கள்.

இப்போதைக்கு டிவி மேல் நிற்கிறது. தூசி அதிகம் என்பதால் கண்ணாடிப் பெட்டிக்கு அளவு கொடுத்திருக்கிறேன்: 16 அங்குல நீளம், 6 அங்குல அகலம், 9 அங்குல உயரம். அடிப்பலகையிலும் கண்ணாடியே போடச் சொன்னேன். அடியில் பார்க்கத்தான் ஒன்றும் இல்லையே என்றார் கடைக்காரர். அந்தத் தட்டைக் கழற்றிவிட்டு, முன் ஃபிரேமும் பின் ஃபிரேமும் அலுமினியத்தில் நானே வெட்டி மாட்டுவதாக இருக்கிறேன். தகடு வாங்கியாயிற்று.