கோப்பா, ஒலிநாடாவா: 1948-ல் அழிந்த பாலஸ்தீன ஊரை ஆராய எதில் தொடங்குவது?

இஸ்ரேல் உருவான 1948 போரில் காலியாக்கப்பட்ட ஒரு பாலஸ்தீன ஊரைப் பற்றி எழுத உட்காருகிறவருக்கு இரண்டு வழி உண்டு. ஒன்று அரசுக் காகிதங்கள்: 1948 வரை அங்கே ஆண்ட பிரிட்டிஷ் ஆட்சியின் பதிவுகளும் இஸ்ரேலிய ராணுவ, அமைச்சகக் கோப்புகளும். மற்றது ஊரைவிட்டு வெளியேறியவர்களின் வாய்மொழிப் பதிவுகள். பல்கலைக்கழகங்களில் காகிதத்துக்குத்தான் மரியாதை. ஆனால் தொடங்க வேண்டிய இடம் ஒலிப்பதிவு என்பதே எங்கள் வாதம்.

காகிதத்தின் பலம் எல்லோரும் அறிந்ததுதான்: நிலம், எல்லை, வரி. பிரிட்டிஷ் நிர்வாகத்தின் 1945 கிராமப் புள்ளிவிவரத்தில் ஊர்வாரியாக மக்கள்தொகையும் துனம் கணக்கில் நிலமும் இருக்கும். ஒரு துனம் 1,000 சதுர மீட்டர். நாசரேத் அருகே இருந்த சஃபூரிய்யா 4,330 பேர், 55,378 துனம். கவிஞர் மஹ்மூத் தர்வீஷ் பிறந்த அல்-பிர்வா 1,460 பேர். ஜெருசலேம் அருகே இருந்த தெய்ர் யாசீன் 610 பேர். மக்கள்தொகை எண் எல்லாம் பூஜ்யத்தில் முடிவதைக் கவனியுங்கள். வீடு வீடாகப் போய் கடைசியாக எண்ணியது 1931-ல்தான். இவை அதன்பின், 1944 இறுதி நிலைக்குப் போட்ட மதிப்பீடு. '1948-ல் 610 பேர் வாழ்ந்தார்கள்' என்று இதை வைத்து எழுதினால் அங்கேயே ஒரு பிழை விழுந்துவிடுகிறது. '1944 இறுதி மதிப்பீட்டின்படி' என்று எழுத வேண்டும்.

பிரிட்டிஷ் கால நில அளவைத் துறையின் 1:20,000 வரைபடங்கள் நிஜமாகவே பொக்கிஷம். கிணறு, களம், ஒற்றையடிப் பாதை வரை தெரியும். 'பாலஸ்தீன் ஓப்பன் மேப்ஸ்' தளத்தில் 2018 முதல் இலவசமாகப் பார்க்கலாம். பின்னாளில் இஸ்ரேல் இதே தாள்களை எடுத்து, மேலே எபிரேயத்தில் அச்சிட்டுப் பயன்படுத்தியது. பல ஊர்ப் பெயர்களுக்குப் பக்கத்தில் 'ஹரூஸ்' என்று சின்னதாக ஒரு சொல் இருக்கும். 'இடிக்கப்பட்டது' என்று பொருள். ஊர் இருந்ததும் போனதும் ஒரே தாளில். இடம் குறிக்கும்போது வரைபடத்தின் ஆறு இலக்கக் கட்ட எண்ணைப் பயன்படுத்துங்கள். முதல் மூன்று கிழக்கு, அடுத்த மூன்று வடக்கு, கிலோமீட்டரில். ஊர்ப் பெயரின் எழுத்துக்கூட்டல் நூலுக்கு நூல் மாறும், கட்ட எண் மாறாது.

சிக்கல் எங்கே என்றால், பிரிட்டிஷ் நிர்வாகம் 1948 மே நடுவில் கப்பலேறிவிட்டது. சஃபூரிய்யா இஸ்ரேலியப் படையிடம் விழுந்தது ஜூலை நடுவில். அந்த வாரத்தைப் பற்றி லண்டன் காப்பகத்தில் அநேகமாக எதுவும் கிடைக்காது. இஸ்ரேலியக் கோப்புகளுக்குத்தான் போக வேண்டும்.

அங்கேதான் எங்கள் முடிவைத் தீர்மானித்த விஷயம் வருகிறது. நீங்கள் பார்த்த ஆதாரத்தை உங்களுக்குப் பின்னால் வருகிற ஒருவர் அதே இடத்தில் மறுபடி பார்க்க முடியுமா? இஸ்ரேலிய ராணுவத்துக்கு முன்னோடியான யூதப் படை ஹகானா. அதன் உளவுப் பிரிவு 1948 ஜூன் 30 தேதியிட்டு, அரபு மக்கள் ஏன் வெளியேறினார்கள் என்று ஓர் அறிக்கை தயாரித்தது. சுமார் 70 சதவீதம் யூதப் படைகளின் நடவடிக்கைகளால் என்கிறது அது. வரலாற்றாசிரியர் பென்னி மோரிஸ் 1986-லேயே அதைப் பற்றி எழுதினார். பிறகு, இஸ்ரேலியப் பாதுகாப்பு அமைச்சகத்தின் 'மல்மாப்' என்ற ரகசியக் காப்புப் பிரிவினர் காப்பகம் காப்பகமாகப் போய், ஏற்கெனவே திறந்திருந்த கோப்புகளை எடுத்துப் பூட்டினார்கள் என்று 2019-ல் காப்பகங்களை ஆராயும் இஸ்ரேலிய அகெவோட் நிறுவனமும் இஸ்ரேலின் ஹாரெட்ஸ் பத்திரிகையும் வெளிப்படுத்தின. பூட்டியவற்றில் இந்த அறிக்கையும் ஒன்று. அடிக்குறிப்பு இருந்தது, அது சுட்டிய கோப்பு பூட்டிக் கிடந்தது. பாலஸ்தீனர்கள் தாங்களே சேர்த்த காகிதத்துக்கும் இதே கதிதான். பெய்ரூட்டில் 1965 முதல் இயங்கிய ஆய்வு மையத்தின் சேகரிப்பை 1982-ல் இஸ்ரேலியப் படை அள்ளிக்கொண்டு போனது. அடுத்த ஆண்டு கைதிகள் பரிமாற்றத்தோடுதான் அது திரும்பியது.

ஆகவே காப்பகத்துக்குப் போகிறவர்கள் உள்ளடக்கத்தை மட்டும் படம் எடுத்துக்கொண்டு வரக்கூடாது. பெட்டி எண், கோப்பு எண், மேலட்டை, பார்த்த தேதி நான்கும் படத்தில் இருக்க வேண்டும்.

பேச்சு மட்டும் நம்பகமா என்பார்கள். தெய்ர் யாசீனையே எடுத்துக்கொள்வோம். 1948 ஏப்ரல் 9 அன்று யூத ஆயுதக் குழுக்கள் அங்கே நடத்திய படுகொலைக்குப் பின் சில நாட்களில் பத்திரிகைகளில் ஏறிய இறந்தோர் எண் 254. நாற்பது வருடம் அதையே எல்லோரும் எழுதினார்கள். மேற்குக் கரையின் பிர்ஸைத் பல்கலைக்கழகத்தில் ஆய்வாளர் ஷரீஃப் கனாஅனாவின் குழு உயிர்தப்பியவர்களிடம் போய், இறந்தவர்களைப் பெயர் பெயராகக் கேட்டது. 1987-ல் வெளியான கணக்கு 107. நினைவு எப்போதும் ஊதிப் பெருக்கும் என்பவர்களுக்கு இது இடிக்கும். அச்சில் வந்த எண்தான் ஊதியிருந்தது. பட்டியலில் ஒரு பெயர் தப்பென்றால் எவரும் சுட்டிக் காட்டலாம். 254-ஐ எப்படிச் சரிபார்ப்பது?

இன்று தொடங்க நல்ல இடம், பெய்ரூட் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் பாலஸ்தீன வாய்மொழி வரலாற்றுக் காப்பகம். லெபனானில் வாழும் முதல் தலைமுறை அகதிகளின் ஆயிரம் மணி நேரத்துக்கும் மேலான பதிவுகள், நேரக்குறியோடு, ஊர்ப் பெயரால் தேடும்படி இருக்கின்றன.

தேதிகளை நேராக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஐம்பது வருடம் கழித்துப் பேசுகிறவர் 'ஜூலை 15' என்று சொன்னால் எங்கோ படித்ததாகவும் இருக்கலாம். 'நோன்பு திறக்கிற நேரம் விமானம் வந்தது' என்றால் அது கெட்டியான பிடி: 1948-ல் ரமளான் ஜூலை இரண்டாம் வாரம்தான் தொடங்கியது. கோதுமை அறுப்பு, ஒலிவ பறிப்பு எல்லாம் இப்படித்தான் உதவும்.

பெயர்ப் பட்டியலில் வழக்கமாக நடக்கும் விபத்து இரட்டிப்பு. ஒருவர் 'உம் முஹம்மத்' (முஹம்மதின் அம்மா) என்பார், இன்னொருவர் அதே பெண்ணின் சொந்தப் பெயரைச் சொல்வார், கணக்கில் இரண்டு பேர். தன் பெயர், தந்தை, பாட்டனார், குடும்பம் என நான்கும், தோராய வயதும், எந்தத் தெரு என்பதும் பக்கத்தில் இருந்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம்.

மேற்கோளை நாடாவோடு ஒப்பிடாமல் அச்சுக்கு அனுப்பவே கூடாது. 1948-ல் விழுந்த கடலோர ஊர் தந்தூராவில் பலர் கொல்லப்பட்டதாகக் கூறி ஹைஃபா பல்கலைக்கழகத்தில் 1998-ல் கொடுக்கப்பட்ட முதுகலை ஆய்வேடு, முன்னாள் படைவீரர்கள் போட்ட அவதூறு வழக்கில் மாட்டியது. சில மேற்கோள்கள் ஒலிநாடாவோடு பொருந்தவில்லை. பொருந்தாதவை சில இடங்கள்தான், ஆனால் ஆய்வேடு முழுவதும் சந்தேகத்துக்கு ஆளானது. ஒவ்வொரு மேற்கோளுக்கும் நிமிடமும் நொடியும் குறியுங்கள். அரபு மூலத்தையும் பக்கத்தில் வையுங்கள்.

எங்கள் சாய்வு எல்லா ஊருக்கும் ஒரே அளவில் செல்லாது. லெபனானுக்கு வந்தவர்கள் பெரும்பாலும் கலிலேயா, அக்கா, ஹைஃபா பக்கத்தவர்கள். சஃபூரிய்யாவுக்குக் குரல்கள் தாராளம். காஸா மாவட்டத்து ஊருக்கோ தெற்கே பீர் அஸ்-ஸபா (பீர்ஷேபா) பகுதிப் பழங்குடிக்கோ பெய்ரூட் பதிவுகளை நம்பி இறங்கினால் கை வறண்டுவிடும். அங்கே வரைபடத்தில் தொடங்குவதே நல்லது. நில உரிமைதான் கேள்வி என்றால் எந்த ஊரானாலும் காகிதம்தான் முதலில்.