பழுது பார்க்கக் கொடுத்த போனில் மூன்றாவது விரல்

போன் பழுது பார்க்கும் கடையில் பின் நம்பர் கேட்டால் சொல்லிவிடாதீர்கள். சொன்னதால் 23,400 ரூபாயை இழந்து நிற்கிறேன். பணம் எந்த வழியாகப் போனது என்று எனக்குப் புரிவதற்கே நான்கு நாள் ஆகிவிட்டது. அக்கம்பக்கத்தில் நான் கேட்டுப் பார்த்த எவருக்கும் அந்த வழி தெரிந்திருக்கவில்லை. அதனால்தான் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நான் மதுரையில் இட்லி மாவு அரைத்து விற்பவள். விடியற்காலை நான்கரைக்குக் கிரைண்டர் ஓடத் தொடங்கினால் பத்து மணி வரை கை காயாது. என் போனில் பவர் பட்டனிலேயே கைரேகை படிக்கும் வசதி உண்டு. ஆனால் ஈரக் கையை அது ஏற்றுக்கொள்வதில்லை. விரலின் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் உள்ள நுண்ணிய மின்னூட்ட வேறுபாட்டைத்தான் அது படிக்கிறது. தண்ணீர் பள்ளத்தை நிரப்பிவிட்டால் அதற்கு எல்லாம் ஒரே மேடு. நாலைந்து முறை முயன்றுவிட்டு, பின் நம்பரைப் போடு என்று கேட்கும். ஆக, கைரேகைப் பூட்டு வைத்திருந்தும் நாள் முழுவதும் பின் நம்பரையே தட்டிக்கொண்டிருந்தேன்.

அந்த நம்பர் என் ஸ்கூட்டர் நம்பர் பலகையின் கடைசி நான்கு எண்கள். ஸ்கூட்டர் கடை வாசலில்தான் நிற்கும். மாவுக் கையோடு தட்டித் தட்டி, திரையில் அந்த நான்கு இடங்களில் மட்டும் வெள்ளையாகத் தடம் படிந்திருக்கும். நான்கு எண்கள் எவை என்று தெரிந்துவிட்டால் அவற்றை 24 விதமாகத்தான் மாற்றி அடுக்க முடியும். திருட நினைப்பவனுக்கு அந்தத் திரையே பாதி விடையைச் சொல்லிக்கொடுத்திருக்கும். இதெல்லாம் இப்போது தெரிகிறது.

போன மாதம் போன் கை தவறிக் கல் தரையில் விழுந்து டிஸ்பிளே உடைந்தது. தொடு உணர்வு பாதித் திரையில் மட்டும் வேலை செய்தது. செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு, பல வருடங்களாகப் பார்த்துப் பழகிய ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். புகார் விசாரணையில் இருப்பதால் கடையின் பெயரை எழுதப் போவதில்லை. டிஸ்பிளே மாற்ற 2,200 ரூபாய், மாலை ஆறு மணிக்கு வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள். மேசைக்குப் பின்னால் இருந்த பையன் கேட்டான்:

"அக்கா, லாக் நம்பர் சொல்லுங்கள். மாற்றி முடித்ததும் டச் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும்."

சொன்னேன். சிம்மைக் கழற்றிக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். "டவர் வருகிறதா என்று பார்க்க வேண்டாமா? இருக்கட்டும் அக்கா" என்றான். அதற்கும் சரி என்றேன். அவன் ஒரு வெள்ளை ஸ்டிக்கரைக் கிழித்து, பால்பாயின்ட் பேனாவால் என் பெயர், என் கணவரின் போன் நம்பர், கீழே பெரிதாக நான்கு எண்கள் என்று எழுதிப் போனின் முதுகில் ஒட்டினான். பக்கத்தில் இருந்த பிளாஸ்டிக் தட்டில் ஏழெட்டுப் போன்கள் கிடந்தன. ஒவ்வொன்றின் முதுகிலும் இதே போல ஸ்டிக்கர், அதில் நம்பர். கடைக்கு வந்து நிற்கும் யாரும் குனிந்து படித்துவிடலாம். என் போனும் அந்தத் தட்டுக்குப் போனது.

மாலை வாங்கும்போது எல்லாம் சரியாகவே இருந்தது. பளபளவென்று புதுத் திரை, மேலே ஒரு ஸ்கிரீன் கார்டு. பில் கேட்டேன், இல்லை என்றார்கள். பணத்தைக் கணவரின் போனிலிருந்து அனுப்பிவிட்டு வந்தேன்.

அடுத்த நாள், புதன்கிழமை, இருப்பைப் பார்ப்பதற்காக வங்கிச் செயலியைத் திறந்தேன். வழக்கமாக விரல் வைத்தால் திறந்துவிடும். அன்று திறக்கவில்லை. இந்தப் போனில் கைரேகைப் பதிவு மாற்றப்பட்டுள்ளது, எம்பின் (செயலிக்கான ரகசிய எண்) இட்டு மீண்டும் உள்ளே வரவும் என்று ஒரு வரி வந்தது. டிஸ்பிளே மாற்றியதில் ஏதோ கலைந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்து மூடிவைத்துவிட்டேன். மாவு வாங்க ஆள் நின்றுகொண்டிருந்தார்கள். இந்த ஒரு வரியை மட்டும் நீங்கள் நினைவில் வைத்துக்கொண்டால் போதும், நான் இதை எழுதியதற்குப் பலன் கிடைத்துவிடும். உங்கள் வங்கிச் செயலி இப்படிச் சொன்னால் வேறு யாரோ உங்கள் போனில் தங்கள் விரலைப் பதிந்திருக்கலாம் என்று பொருள். நன்றாக எழுதப்பட்ட செயலிகள் புது விரல் ஒன்று சேர்ந்ததும் பழைய கைரேகை அனுமதியை ரத்து செய்துவிடும். என் வங்கியின் செயலி தன் கடமையைச் செய்தது. நான்தான் அதைக் கவனிக்காமல் விட்டேன்.

என் வியாபாரத்தில் பணம் வருவதுதான் அதிகம். கியூஆர் அட்டையில் அனுப்புவார்கள், சவுண்ட் பாக்ஸ் தொகையைச் சொல்லும். நானாக யுபிஐயில் அனுப்புவது வாரத்துக்கு ஒன்றிரண்டு முறைதான். வெள்ளிக்கிழமை கீழமாசி வீதியில் உளுந்து மூட்டைக்குப் பணம் அனுப்பப் போனபோது யுபிஐ பின் தவறு என்று வந்தது. இரண்டாம் முறையும் தவறு என்றது. மூன்று வருடமாகப் போட்டு வரும் ஆறு எண்கள், விரலுக்கே பழகியவை. மூன்றாம் முறையும் தவறு என்றதும் அடிவயிறு கலங்கிவிட்டது. நேரே வங்கிக்குப் போய்ப் பாஸ்புக்கை அச்சடித்துப் பார்த்தேன். செவ்வாய்க்கிழமை மூன்று தடவையாக 23,400 ரூபாய் வெளியே போயிருந்தது. வங்கியில் நேரத்தையும் பார்த்துச் சொன்னார்கள்: மதியம் இரண்டு பத்துக்கும் இரண்டே முக்காலுக்கும் இடையில். அந்த நேரத்தில் போன் கடைத் தட்டில் இருந்தது. பணம் எடுத்ததைச் சொல்லும் குறுஞ்செய்தி ஒன்றுகூடப் போனில் இல்லை. எல்லாம் அழிக்கப்பட்டிருந்தன.

போன் பூட்டின் பின் வேறு, யுபிஐ பின் வேறு. யுபிஐ பின்னை நான் கணவரிடம்கூடச் சொன்னதில்லை. பிறகு எப்படி? அக்காள் மகன் மென்பொருள் வேலையில் இருக்கிறான். சனிக்கிழமை வந்து உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்துச் சொன்னான். யுபிஐ பின் மறந்துவிட்டது என்று செயலியில் தட்டினால் புதிதாக வைத்துக்கொள்ளலாம். அதற்கு ஏடிஎம் கார்டு விவரம் கேட்கும்; இல்லையென்றால் ஆதார் வழியாகவும் செய்யலாம், ஓடிபி வரும். எரிவாயு இணைப்புக்காக எடுத்த ஆதார் படம் என் போனிலேயே கேலரியில் இருந்தது. ஓடிபி வரும் சிம்மும் அதே போனுக்குள் இருந்தது. கேட்கிற எல்லாவற்றையும் ஒரே பொட்டலமாகக் கட்டிக் கடையில் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். சிம்மை மட்டுமாவது கழற்றி மணிபர்சில் போட்டுக்கொண்டு வந்திருந்தால் ஓடிபி வந்திருக்காது, பணமும் போயிருக்காது.

பிறகு செட்டிங்ஸில் கைரேகைப் பக்கத்தைத் திறந்தான். அதைத் திறக்கவே பின் நம்பர் கேட்டது. உள்ளே கைரேகை 1, கைரேகை 2, கைரேகை 3 என்று மூன்று வரிகள். நான் பதிந்தவை இரண்டுதான், வலது கட்டைவிரலும் இடது ஆள்காட்டி விரலும். அந்தப் பக்கம் திறந்திருக்கும்போது சென்சாரில் விரலை வைத்தால், அந்த விரலுக்கு உரிய வரி ஒரு நொடி நிறம் மாறுகிறது. கட்டைவிரலை வைத்தேன், முதல் வரி மின்னியது. ஆள்காட்டி விரலுக்கு இரண்டாவது வரி. மீதி எட்டு விரல்களையும் துடைத்துத் துடைத்து வைத்துப் பார்த்தேன். கணவர் வைத்தார், மகள் வைத்தாள், மாமியார்கூட வந்து வைத்தார். மூன்றாவது வரி அசையவே இல்லை. முகம் தெரியாத ஒருவனின் விரல் என் போனுக்குள் நான்கு நாளாகக் குடியிருந்தது என்று அப்போதுதான் உணர்ந்தேன். பணம் போனதற்கு வராத அழுகை அதற்கு வந்தது.

கடைக்குப் போனோம். முதலாளி, "நீங்கள்தானே அம்மா நம்பரைச் சொன்னீர்கள்" என்றார். அந்தப் பையன் வேலையை விட்டுப் போய்விட்டானாம். கடையில் இருக்கும் மற்றவர்களை ஒருமுறை விரல் வைக்கச் சொல்லுங்கள், ஐந்து நிமிடத்தில் சந்தேகம் தீர்ந்துவிடும் என்று கேட்டேன். மறுத்துவிட்டார். சில போன்கள் யார் விரலுக்கும் திறக்கும், சென்சார் கோளாறாக இருக்கும் என்றும் சொன்னார். அப்படி ஒன்று நடந்தது உண்மைதான். 2019 அக்டோபரில் சாம்சங் கேலக்ஸி எஸ்10 போன்களில் சில வகை சிலிகான் உறைகளைத் திரைமேல் போட்டால் பதியாத விரலுக்கும் பூட்டு திறந்தது. நிறுவனமே ஒப்புக்கொண்டு மென்பொருள் திருத்தம் வெளியிட்டது. அது விரலைத் தவறாகப் படித்த கோளாறு. பட்டியலில் மூன்றாவதாக ஒரு விரல் தானாக வந்து சேராது. ஒருவர் பின் நம்பரைப் போட்டு உள்ளே போய், விரலைப் பல முறை தூக்கித் தூக்கி வைத்தால்தான் சேரும்.

நாம் எல்லோரும் தலைகீழாகப் புரிந்துகொண்டிருப்பது இதைத்தான். கைரேகைதான் பெரிய பூட்டு, பின் நம்பர் ஏதோ அவசரத்துக்கு என்று நினைக்கிறோம். உண்மையில் கைரேகை வெறும் வசதி, அதிகாரம் முழுவதும் பின் நம்பரிடம் இருக்கிறது. போனை அணைத்துப் போட்டால் அது முதலில் கேட்பது பின் நம்பரை. ஆண்ட்ராய்டு போன்கள் 72 மணி நேரத்துக்கு ஒருமுறையாவது விரலை ஒதுக்கிவிட்டுப் பின்னைக் கேட்கின்றன. ஐபோனிலும் மறுதொடக்கத்துக்குப் பிறகு கடவுக்குறியீடு போடாமல் விரலோ முகமோ செல்லாது. பின் நம்பர் தெரிந்தவன் உங்கள் விரலை நீக்கலாம், தன் விரலைச் சேர்க்கலாம். பல ஆண்ட்ராய்டு போன்களில் ஐந்து விரல்கள் வரை பதிய இடம் உண்டு. நாம் ஒன்றிரண்டு பதிந்துவிட்டு மீதி இடத்தைக் காலியாக விட்டுவைக்கிறோம், அந்தப் பட்டியலைப் பிறகு எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

வங்கியில் எழுத்துமூலம் புகார் கொடுத்தேன். சைபர் மோசடிப் புகாருக்கான உதவி எண் 1930க்கும் அன்றே அழைத்துப் பதிவு செய்தேன். பணம் போய்ச் சேர்ந்த கணக்கில் மிச்சமிருந்த 6,000 ரூபாயை முடக்கி வைத்திருக்கிறார்கள், அதுவும் கைக்கு வரவில்லை. மேலாளர் ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கையைக் காட்டினார். வங்கியும் வாடிக்கையாளரும் அல்லாத மூன்றாவது இடத்தில் தவறு நடந்திருந்து, தகவல் வந்த மூன்று வேலை நாட்களுக்குள் சொல்லிவிட்டால் வாடிக்கையாளருக்கு நஷ்டம் இல்லை. ஆனால் ரகசிய விவரத்தை வாடிக்கையாளரே கொடுத்துவிட்டார் என்றால், புகார் சொல்லும்வரை ஏற்பட்ட நஷ்டம் முழுவதும் அவர் தலையில். நான் கொடுத்தது போன் பூட்டின் நம்பர். யுபிஐ பின்னையும் ஓடிபியையும் யாரிடமும் சொல்லவில்லை என்பது என் வாதம். இரண்டும் ஒன்றுதான் என்பது அவர்கள் வாதம். முப்பது நாளில் சரியான பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் ஓம்புட்ஸ்மேனிடம், அதாவது குறைதீர்ப்பாளரிடம், போகலாம். போவேன்.

மூன்றாவது கைரேகையை வைத்து ஆளைப் பிடித்துவிடலாம் என்று நம்பியிருந்தேன். அது நடக்காது என்று சைபர் கிரைம் பிரிவில் பொறுமையாக விளக்கினார் ஒரு பெண் அதிகாரி. போன் விரலின் படத்தைச் சேமிப்பதில்லையாம். கணக்கிட்ட ஒரு வடிவத்தை மட்டும் தனக்குள் பூட்டிவைக்கிறது, அதை வெளியே எடுத்துக் காகிதத்தில் ரேகையாகப் பதிக்க முடியாது. சந்தேகப்படும் ஆள் கிடைத்தால் அவரையே விரல் வைக்கச் சொல்லிப் பார்க்கலாம், அவ்வளவுதான். அதனால் அந்த மூன்றாவது வரியை அழிக்காமல் போனை அவர்களிடமே ஒப்படைத்திருக்கிறேன். போன் அன்று கடையில் இருந்தது என்பதற்குப் பில் இல்லாத நிலையில், மதியம் ஒரு மணிக்குக் கணவர் கடைக்குப் பேசிய அழைப்புப் பதிவும், மாலை 6.04க்கு 2,200 ரூபாய் அனுப்பிய ரசீதும்தான் எனக்குத் துணை. பில் வாங்காமல் போனை எங்கும் விட்டுவராதீர்கள், பில்லில் தேதியும் நேரமும் இருக்கட்டும்.

டிஸ்பிளே மாற்றுவதற்கு லாக் நம்பர் தேவையே இல்லை. அவசர அழைப்பு விசைப்பலகையில் எல்லா எண்ணையும் தட்டிப் பார்த்தாலே தொடு உணர்வு வேலை செய்கிறதா என்று தெரிந்துவிடும். முழுவதும் சோதிக்க வேண்டும் என்றால் நாம் நேரில் இருந்து திறந்து கொடுக்கலாம். சாம்சங் போன்கள் பலவற்றில் பழுது பார்ப்பவருக்கென்றே பராமரிப்பு முறை என்று ஒரு வசதி 2022 முதல் இருக்கிறது. கூகுள் பிக்சலிலும் அதே போல ஒன்று 2023 இறுதியில் வந்தது. அதைப் போட்டுக் கொடுத்தால் நம் படங்களும் செயலிகளும் அவர்கள் கண்ணுக்கே தெரியாது. அப்படி எதுவும் இல்லாத என் போல மலிவு விலைப் போன் வைத்திருப்பவர்கள் சிம்மையும் மெமரி கார்டையும் எடுத்துவிட்டு, கொடுக்கும் முன் யுபிஐ செயலியை நீக்கிவிடுங்கள்.

இப்போது மகளின் பழைய போனை வைத்திருக்கிறேன். ஆறு இலக்கப் பின், எந்த வண்டியோடும் பிறந்தநாளோடும் சம்பந்தமில்லாத எண்கள். ஆதார் படத்தைக் கேலரியிலிருந்து எடுத்துவிட்டேன்.

கடந்த சில மாதங்களில் மதுரையில் எந்தக் கடையிலாவது லாக் நம்பர் சொல்லிப் போனைக் கொடுத்திருந்தால், இன்று இரவுக்குள் கைரேகைப் பட்டியலைத் திறந்து எண்ணிப் பாருங்கள். ஒன்று கூடுதலாக இருந்தால் அவசரப்பட்டு அழித்துவிடாதீர்கள். முதலில் வேறொரு போனிலிருந்து 1930ஐ அழையுங்கள். அந்த வரியைப் படம் எடுத்துக்கொண்டு, போனையும் பில்லையும் சைபர் கிரைம் பிரிவுக்குக் கொண்டுபோங்கள். கடை ஒன்றாகவே இருந்தால் என் புகாரோடு உங்களுடையதும் சேரும்.