கேப்சாவை எடுத்த பிறகு: ஓர் ஆர்டர் படிவத்தின் கதை

சித்தி வீட்டிலேயே பொடியும் ஊறுகாயும் செய்து விற்கிறார். அவருடைய இணைய ஆர்டர் படிவத்தை 2019 முதல் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். ஸ்பேம் தொல்லை தாங்காமல் முதலில் போட்டது, படங்களைக் காட்டி 'இதில் எது எது' என்று கேட்கும் கேப்சா; வந்திருப்பது மனிதரா மென்பொருளா என்று பார்க்கும் சோதனை. குப்பை சட்டென்று குறைந்தது. சரி, வேலை முடிந்தது என்று விட்டுவிட்டேன்.

ஒருநாள் வழக்கமாக வாங்கும் ஓர் அம்மா போன் செய்தார். "தம்பி, ஃபயர் ஹைட்ரன்ட் இருக்கிற படத்தை எல்லாம் தொடச் சொல்லுது. அப்படின்னா என்னப்பா?" அமெரிக்கத் தெருவோரங்களில் நிற்கும் தீயணைப்புக் குழாய் அது. இட்லிப் பொடி வாங்க வந்தவருக்கு அது எதற்குத் தெரிய வேண்டும்? நாலு தடவை முயன்று பார்த்துவிட்டுத்தான் கூப்பிட்டிருக்கிறார். கூப்பிடாமலே போனவர்கள் எத்தனை பேரோ என்று அன்று முழுக்க மனசு கேட்கவில்லை.

மனிதருக்கு எளிது, கணினிக்குக் கடினம். 2000-களின் தொடக்கத்தில் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தின் லூயிஸ் வான் ஆனும் கூட்டாளிகளும் கேப்சா என்று பெயர் வைத்தபோது கணக்கு அதுதான். இன்று படத்தைப் பார்த்துச் சொல்லும் மென்பொருள் வந்துவிட்டது. காசு கொடுத்தால் ஆள் வைத்துத் தீர்த்துத் தருபவர்களும் உண்டு. மாட்டிக்கொண்டு விழிப்பது வாடிக்கையாளர்தான்.

அதனால் எடுத்துவிட்டேன். பதிலுக்கு, கண்ணுக்குத் தெரியாத ஒரு கட்டம். ஹனிபாட் என்பார்கள். ஆள் அதைப் பார்க்கவே போவதில்லை; தானாகப் படிவம் நிரப்பும் மென்பொருளான பாட் எல்லாவற்றையும் நிரப்பி மாட்டிக்கொள்ளும். கூடவே, படிவம் திறந்த மூன்று நொடிக்குள் வரும் ஆர்டரும் சந்தேகக் கணக்கில் சேரும்.

இதில் பெரிய தவறு ஒன்று செய்தேன். மறைவுக் கட்டத்துக்கு 'கம்பெனி' என்று பெயர் வைத்திருந்தேன். சிலருடைய பிரவுசர், சேமித்த விவரங்களைத் தானே நிரப்பும் ஆட்டோஃபில்லில் அதையும் நிரப்பிவிட, தீபாவளி நேரத்தில் உண்மையான ஆர்டர்கள் சத்தமில்லாமல் அழிந்துபோயின. சித்தி ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் அதிகம் வலித்தது. அப்புறம் பெயரை அர்த்தமில்லாத எழுத்துகளாக மாற்றினேன். திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் திரைவாசிப்பான் வைத்திருக்கும் பார்வையற்றவர்களுக்காக 'இதைக் காலியாக விடவும்' என்ற குறிப்பும் சேர்த்தேன். இப்போது எதையும் தானாக அழிப்பதில்லை. சந்தேகப்பட்டவை தனி ஃபோல்டருக்குப் போகும். காலையில் காபியோடு ஒரு பார்வை.

போன வருடம் கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் டர்ன்ஸ்டைல் என்ற பாட் தடுப்புக் கருவியையும் சேர்த்தேன். புதிர் போடாமல் பிரவுசருக்குள்ளேயே சோதித்துவிடுகிறது. மிஞ்சிப்போனால் ஒரு கட்டத்தில் டிக் அடிக்கச் சொல்லும். கடன் தருகிறோம், தளத்தை முதலிடத்துக்குக் கொண்டுவருகிறோம் என்று மனிதர்களே கையால் எழுதி அனுப்புவது வாரத்துக்கு இரண்டு மூன்று இன்னும் வருகிறது. அதைச் சித்தியே பார்த்து அழித்துவிடுகிறார்.