இரட்டைக் கட்டமா, ஒற்றைக் கட்டமா: றைபிள் விசையில் யாருக்கு எது?

றைபிளுக்கு மாற்று விசை, அதாவது சுடும்போது விரலால் இழுக்கும் பாகம், வாங்க நினைக்கிறவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது "இழுக்க எத்தனை இறாத்தல் எடை வேண்டும்?" என்றுதான். அதற்கு முன்னால், அந்த றைபிளால் என்ன செய்யப் போகிறீர்கள் என்று யாராவது அவர்களைக் கேட்க வேண்டும். எடை அந்தப் பதிலில் இருந்து தானாக வரும்.

திருகோணமலையில் இருக்கிறவனுக்கு இதில் என்ன வேலை என்று தோன்றலாம். இலங்கையில் அனுமதிப்பத்திரம் இல்லாமல் ஒரு துவக்கும் வீட்டில் வைத்திருக்க முடியாது. 1916ஆம் ஆண்டுச் சட்டம்தான் இன்றும் அதற்கு அடிப்படை. அது அப்படியே இருக்கட்டும் என்றுதான் இந்த ஊரில் பலரும் சொல்வார்கள், நானும் சொல்வேன். ஆனால் அக்காவின் பிள்ளைகள் மூவரும் டெக்சாஸில் இருக்கிறார்கள். அங்கே இது சட்டப்படியான விளையாட்டு, வேட்டை. விடுமுறைக்கு வந்தால் உப்புவெளியில் உள்ள என் லேத் பட்டறையில் வந்து உட்கார்ந்து, "மாமா, நீங்கள் இரும்பு தெரிந்த ஆள், எது நல்லதென்று சொல்லுங்கள்" என்பார்கள். அங்கே போயிருந்தபோது அவர்களுடைய றைபிள்களை இழுத்தும் பார்த்தேன். அந்தப் பழக்கத்தில் எழுதுகிறேன்.

அமெரிக்காவில் பரவலாக உள்ள ஏஆர்-15 றைபிளோடு வரும் சாதாரண விசை ஒற்றைக் கட்டம். ஐந்தரை இறாத்தலுக்குக் குறையாது, பலவற்றில் ஏழு, எட்டுக்கும் போகும். அடித்துத் தோட்டாவை வெடிக்க வைக்கும் பாகம் சுத்தியல். விசையின் மூக்கு, அந்தச் சுத்தியலில் உள்ள வெட்டைப் பிடித்திருக்கிறது. நாம் இழுக்கும்போது அது வழுக்கி விலக வேண்டும். இரண்டு முகமும் சொரசொரப்பாக இருந்தால் வழுக்காது, இழுபடும். அந்தக் கரகரப்புத்தான் குறியைக் கெடுக்கிறது. எடை இரண்டாவது காரணம்தான்.

இரட்டைக் கட்டத்தில் விசை முதலில் மெதுவாகப் பின்னால் வரும். பிறகு ஒரு சுவரில் முட்டியது போல நிற்கும். அங்கிருந்து இன்னும் கொஞ்சம் அழுத்தினால் சுத்தியல் விடுபடும். ஒற்றைக் கட்டத்தில் அந்த முதல் நகர்வு கிடையாது. விரல் வைத்த இடத்திலேயே முழு எடையும் நிற்கும். அதைத் தாண்டினால் வெடி.

மூத்த மருமகன் சேர்விஸ் றைபிள், அதாவது இராணுவ மாதிரி றைபிளால் குறி சுடும் போட்டிக்காரர். ஒஹாயோவில் உள்ள காம்ப் பெரியில் நடக்கும் தேசியப் போட்டிதான் அவருடைய கனவு. 200, 300, 600 யார் தூரங்கள். அந்தப் பிரிவில் விசை நாலரை இறாத்தலுக்குக் குறையக் கூடாது. எடைக்கல்லைத் தொங்கவிட்டுச் சோதிக்கிறார்கள். நாலரை என்றால் நம்முடைய கணக்கில் ஏறக்குறைய இரண்டு கிலோ. இந்த விதி ஒன்றே பாதிப் பெயர்களை வெட்டிவிடுகிறது. கைஸ்லி நிறுவனத்தின் எஸ்எஸ்ஏ இதற்குப் பொருந்தும்: முதல் கட்டம் இரண்டரை, இரண்டாவது 2, மொத்தம் நாலரை. அதே நிறுவனத்தின் எஸ்எஸ்ஏ-ஈ இழுக்க இன்னும் இனிமையானது, ஆனால் மூன்றரைதான். இந்தப் போட்டிக்குள் அது வர முடியாது. மேசையில் பையை வைத்துத் தாளில் துளையை ஒன்றாக்க ஆசைப்படுகிறவருக்கு அதைத்தான் சொல்வேன்.

எஸ்எஸ்ஏக்கு நேர் போட்டி லாரூ நிறுவனத்தின் எம்பிடி-2எஸ். அதுவும் இரட்டைக் கட்டம், அதே இரண்டரையும் 2உம். விலையோ பல ஆண்டுகளாக 100 டொலரை ஒட்டியே நிற்கிறது. கைஸ்லி அதைவிட நன்றாகவே கூட. நான் இழுத்துப் பார்த்த அளவில் அந்த வித்தியாசத்துக்குப் பணம் கொடுக்க மனம் வரவில்லை. மருமகனுக்கு லாரூதான் சொன்னேன். மிச்சக் காசுக்குத் தோட்டா வாங்கிப் பழகினால் புள்ளி கூடும். ஒன்று மட்டும்: பெட்டியில் போட்ட எடையை நம்பிப் போட்டிக்குப் போகக் கூடாது. நிறுத்துப் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும்.

இரண்டாவது மருமகன் காட்டுப்பன்றி வேட்டை. டெக்சாஸில் பன்றி பயிரைப் படுத்தும் பாட்டைத் தம்பலகாமத்து வயல்காரரிடம் விளக்க வேண்டியதில்லை. இவர் போட்டிருப்பது டிம்னியின் ஒற்றைக் கட்டம், 3 இறாத்தல். டிம்னி 1946இல் இருந்து விசை செய்கிறவர்கள், வேலைப்பாட்டில் எனக்குக் குறை தெரியவில்லை. எல்லாப் பாகமும் ஒரே பெட்டிக்குள் கோத்து வரும். பழையதைக் கழற்றி இதை இறக்கி இரண்டு ஊசியை மாட்டினால் முடிந்தது. ஆனால் இருட்டில், நெஞ்சு படபடக்க, கையுறைக்குள் விரல் மரத்திருக்கும்போது 3 இறாத்தல் குறைவு. அதே டிம்னியில் 4 இறாத்தலும் கிடைக்கிறது, அதை எடுங்கள் தம்பி என்றேன். ஓடும் பன்றிக்கு அந்த ஒரு இறாத்தல் குறியைக் கெடுக்காது, பக்கத்தில் நிற்கிற ஆளைக் காப்பாற்றக்கூடும்.

பெட்டி விசையில் எனக்கு இன்னொரு கவலையும் உண்டு. இவர் இருப்பது மெக்சிக்கோ வளைகுடாக் கரை. உப்புக்காற்றும் மணலும் இரும்பை என்ன செய்யும் என்று நிலாவெளிப் படகு எஞ்சின்களில் தினமும் பார்க்கிறேன். தனித்தனிப் பாகமாக வரும் கைஸ்லி, லாரூ போன்றவற்றைத் திறந்து கழுவி எண்ணெய் போட்டுவிடலாம். பெட்டிக்குள் போன மணல் சுலபமாக வெளியே வராது. சேற்றிலும் மணலிலும் புரளுகிற வேட்டை என்றால் நான் தனிப் பாகமாக வரும் அந்த இரட்டைக் கட்ட விசைகளின் பக்கம்தான். இன்னொன்று, எடையைக் குறைக்கச் சுத்தியலின் ஸ்பிரிங்கை மெலிதாக்கும் விசைகளும் சந்தையில் உண்டு. கெட்டியான கேப் (தோட்டாவின் அடியில் அடி வாங்கிப் பற்றவைக்கும் மூடி) உள்ள இராணுவ வகைத் தோட்டாவில் அவை சில வேளை வெடிக்காமல் விட்டுவிடும்.

புது விசைக்குக் காசு எதற்கு, பழையதை அரத்தால் தேய்த்தால் போதாதா என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். வேண்டாம். இந்தப் பாகங்களுக்கு மேல்தோல் மட்டும்தான் கடினப்படுத்தப்பட்டிருக்கும், அதுவும் மிக மெல்லியது. தேய்த்தால் தோல் போய் மெதுவான இரும்பு வெளியே வரும். சில நூறு வெடியில் விளிம்பு மழுங்கி, விசையைத் தொடாமலே சுத்தியல் விழும் நிலை வரலாம். ஒரு இழுப்புக்கு இரண்டு வெடி போகவும் இடம் உண்டு. அமெரிக்கச் சட்டத்தில் அது பெரிய வழக்கு.

மருமகளிடம் இருப்பது ரூகர் 10/22, 1964இல் இருந்து வரும் சின்னத் தோட்டாத் துவக்கு. தகர டப்பா சுடுவதற்கு ரூகரே விற்கும் பிஎக்ஸ் விசை போதும், மூன்று இறாத்தலுக்குள் வரும். கிட் நிறுவனத்தின் இரட்டைக் கட்ட விசை அருமையானது, ஆனால் போட்டிக்குப் போகாதவருக்கு அந்த விலை தேவையில்லை.

எதை வாங்கினாலும், ஏஆரில் பொருத்தியதும் தோட்டா போடும் மகசினைக் கழற்றி, குழலின் பின்முனையில் தோட்டா நிற்கும் அறையில் ஒன்றும் இல்லை என்று கண்ணாலும் விரலாலும் பாருங்கள். பிறகு இந்தச் சோதனையை, றைபிளின் பாகங்களை முழுதாகப் பொருத்தியபின் செய்யுங்கள். சுத்தியலை ஏற்றி, காப்புப் பூட்டைப் போட்டு இழுத்தால் சுத்தியல் விழக் கூடாது. பூட்டை எடுத்து இழுத்தால் விழ வேண்டும். இழுத்த விரலை எடுக்காமல் மறுகையால் சுத்தியலை ஏற்றி, பிறகு விரலை மெதுவாக விடுங்கள்: ஒரு சின்னக் கிளிக் கேட்கும், சுத்தியல் ஏறியபடியே நிற்க வேண்டும். இதை ஒரு தடவையோடு விடாமல் பல தடவை செய்யுங்கள். ஒரு தடவை பிசகினாலும் அந்த விசை பெட்டியோடு கடைக்குத் திரும்பிப் போக வேண்டும்.