பைபாஸுக்குப் பிறகு நெஞ்சில் தேங்கும் ரத்தம்: குழாயா, கேமராவா, மறுபடி திறப்பதா?

அப்பாவுக்கு பைபாஸ் முடிந்தபின் இடது பக்கம் ரத்தம் உறைந்து நின்றது சிடி ஸ்கேனில் தெரிந்ததும், நாங்கள் கேமரா வழி அறுவைக்கு, அதாவது வாட்ஸுக்குச் சம்மதித்தோம். அதனால் நான் அந்தப் பக்கம்தான் சாய்வேன்.

மறுபடி நெஞ்செலும்பைத் திறப்பது தனிக்கதை. நெஞ்சில் போட்ட வடிகால் குழாயில் ரத்தம் நிற்காமல் வந்தாலோ, இதயத்தைச் சுற்றித் தேங்கி அழுத்தினாலோ திறந்துதான் ஆகவேண்டும், அங்கே கேமரா பேச்சுக்கே இடமில்லை.

கசிவு நின்று பழைய ரத்தம் மட்டும் நுரையீரலைச் சுற்றித் தங்கும்போதுதான் கேள்வி வருகிறது. பைபாஸுக்காக இடது மார்புத் தமனியை எடுக்கும்போது அந்தப் பக்கத்து நுரையீரல் உறை பல நேரம் திறந்துவிடுவதால் ரத்தம் அங்கே இறங்கும். இன்னொரு குழாய் போட்டால் நீராக இருப்பது வரும், உறைந்த ரத்தக்கட்டி வராது. குழாய் வழியே யூரோகைனேஸ் மாதிரி கட்டியைக் கரைக்கும் மருந்து விடுவதும் உண்டு, ஆனால் தையல் ஆறாத, ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரினும் க்ளோபிடோக்ரெலும் எடுக்கிற ஆளுக்கு அது பயம்தான். அந்த அனுபவம் எங்களுக்கு இல்லை, அதனால் அதற்கு மேல் பேசமாட்டேன்.

வாட்ஸில் விலா இடுக்கில் இரண்டு மூன்று துளை, கேமராவில் பார்த்தே கட்டியை உறிஞ்சிக் கழுவிவிடுகிறார்கள். தழும்பு சிறியது, வலி குறைவு, அதெல்லாம் தெரிந்ததே. சர்க்கரை உள்ளவருக்குக் கம்பி போட்ட நெஞ்செலும்பைத் தொடாமல் விடுவதும் பெரிய நிம்மதி. ஆனால் எங்களை முடிவெடுக்க வைத்தது நாள்கணக்கு. முதல் வாரத்தில் ஜெல்லி போல இருக்கும் கட்டி சுலபமாக வந்துவிடும். நாள் போகப்போக நாராகி நுரையீரலோடு ஒட்டி, மேலே தோல் போலப் படர்ந்து அதை விரியவிடாது, சீழ் பிடிக்கவும் கூடும். அப்போது கேமராவால் முடியாமல் விலாவை விரித்துத் திறந்து அந்தப் படலத்தை உரித்தெடுக்க வேண்டிவரலாம். 'இன்னும் நாலு நாள் பார்க்கலாமே' என்று தள்ளிப்போடுவதன் விலை அதுதான். கொஞ்சமாகத் தேங்கினால் தானே வற்றிவிடும் என்பதும் உண்மை, எவ்வளவு இருக்கிறது என்று கேளுங்கள்.

ஒரு நுரையீரலை அடக்கிவைத்து மயக்கம் கொடுப்பதால் இதயத்தின் பம்பிங் ரொம்பக் குறைந்தவர்களுக்கு வாட்ஸ் ஒத்துவராமல் போகலாம். உள்ளே ஒட்டியிருந்தால் பாதியில் திறந்த அறுவைக்கு மாறுவார்கள், ஒப்புதல் படிவத்தில் அதுவும் இருக்கும். பைபாஸில் இணைத்த புது ரத்தக்குழாய் (கிராஃப்ட்) பக்கத்திலேயே ஓடுவதால், பைபாஸ் செய்த சர்ஜனும் கூட இருப்பாரா என்று நாங்கள் கேட்டுக்கொண்டுதான் கையெழுத்துப் போட்டோம்.